கள்ளியேந்தலில் முளைத்த ஆஸ்பத்திரி

காலை ஆறு ஐம்பதுக்கு, பத்தொன்பது வருஷமாகத் தான் காத்துவந்த அடிக்கல்லின் வடக்குப் பக்கத்தில் மூன்று செங்கல் முளைத்திருப்பதை வழிவிட்டான் பார்த்தார். ஐப்பசி மழை மூன்று நாள் நின்று பெய்துவிட்டு முந்தின நாள்தான் வெறித்திருந்தது. நிலக்கடலை முளைக்கும்போது மண்ணைத் தலையில் தூக்கிக்கொண்டு வருவதைப் போல அந்தச் செங்கற்களும் ஆளுக்கொரு மண் பொருக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தன. யாரோ கொண்டுவந்து வைத்தவை அல்ல. விரலால் அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. சுற்றிலும் மண்ணைக் கிளறிப் பார்த்தார், கீழே அடுத்த வரிசை வந்துகொண்டிருந்தது. வேலமரத்தடிக்குப் போய்ப் பல் விளக்கி, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது நான்காவது செங்கல் தலை காட்டியிருந்தது.

அந்தக் கல் ஒரு தேர்தலுக்கு நாற்பது நாள் முன்னால் நடப்பட்டது. ஐம்பது படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனை என்று கறுப்புப் பளிங்கில் பொன்னெழுத்தால் வெட்டி, ஓர் அமைச்சர் வந்து புதுக் கரண்டியால் சாந்து பூசி, இரண்டு லோடு ஜல்லியும் ஒரு லோடு மணலும் இறக்கி, அவற்றைக் காக்க ஓர் ஆளையும் நியமித்துவிட்டுப் போனார்கள். ஜல்லி முதல் வருஷமே பக்கத்து ஊர் ரோட்டுக்குப் போயிற்று. மணலில் பாதியைக் காற்று கொண்டுபோயிற்று, மீதியைக் கல்யாண வீடுகள் கொண்டுபோயின. அமைச்சர் கட்சி மாறினார், பதவி இழந்தார், காலமும் ஆனார். காவலாளியின் நியமன ஆணை மட்டும் அப்படியே இருந்தது. அதில் 'கட்டடப் பணி முடியும் வரை' என்று எழுதியிருந்தது. அதை ரத்து செய்ய வேண்டுமானால் யாராவது ஒருவர் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும், அப்படி ஒருவர் பத்தொன்பது வருஷத்தில் அந்த அலுவலகத்துக்கு வரவில்லை. ஆகவே முப்பத்தாறு வயதில் காவலுக்கு உட்கார்ந்த வழிவிட்டான், காக்க வேண்டியவை எல்லாம் போன பிறகும், ஐம்பத்தைந்து வயதிலும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தக் கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

கள்ளியேந்தல் மாவட்டத் தலைநகரத்திலிருந்து எழுபத்தொரு கிலோமீட்டர். ஒரு காலத்தில் செவ்வாய்க்கிழமை மிளகாய் வத்தல் சந்தைக்கு முப்பது லாரி வந்து நின்ற ஊர், இரண்டு பருத்தி அரவை ஆலையும் ஒரு டூரிங் டாக்கீஸும் இருந்த ஊர். நான்கு வழிச் சாலை வேறு திசையில் போட்டதும் சந்தை சாலையோரத்துக்குப் போய்விட்டது. சந்தையின் பின்னால் ஆலைகள் போயின, ஆலைகளின் பின்னால் ஆட்கள் போனார்கள், பதினோரு பேருந்து நான்காயிற்று, மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவர்களுக்குக் கீழே தண்ணீர் உப்பாயிற்று. இத்தனையும் ஊரை விட்டுப் போன காலத்தில் ஊருக்குள் புதிதாக வந்தது சிறுநீரக நோய் ஒன்றுதான். பதினோரு பேருக்கு வந்து நான்கு பேர் போய், ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வழிவிட்டானின் மனைவி மங்களேஸ்வரி.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் அதில் படுக்க வேண்டும். போக எழுபத்தொன்று, வர எழுபத்தொன்று என்று ஐந்து மாதம் பேருந்தில் போய்வந்த மங்களேஸ்வரி, இரண்டு தடவை நடுவழியில் மயங்கி விழுந்த பிறகு, தங்கச்சி வீட்டோடு தங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் வருவாள், சாயங்காலக் கடைசிப் பேருந்தில் போவாள். நான்கு வருஷமாகக் கள்ளியேந்தலில் வழிவிட்டானுக்குக் குடும்பம் என்பது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பேருந்து ஏறும்போது அவள் கேட்பாள், "நீங்களும் அங்க வந்துருங்களேன்." அவர் சொல்வார், "ஆர்டர் இருக்குல்ல." அவர்களுக்குள் சண்டை என்று ஒன்று இருந்ததென்றால் அது இவ்வளவுதான்.

செங்கல் முளைத்த அன்று ஏழரை மணிக்கு வழிவிட்டான் சதக்கத்துல்லாவின் டீக்கடைக்குப் போனார்.

"மாப்ள, கல்லு முளைச்சிருக்கு."

சதக்கத்துல்லா டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எந்தக் கல்லு?"

"நம்ம ஆஸ்பத்திரிக் கல்லு."

"பத்தொம்பது வருஷம் ஆச்சுல்ல. பனங்கொட்டையே அதுக்குள்ள நொங்கு விட்டிருக்கும்" என்று சொல்லி அவர் டீயை நீட்டினார். "மலாய் போடவா?"

ஊர் போய்ப் பார்த்தது. பார்த்துவிட்டு வந்தவர்கள் வெள்ளாமையைப் பற்றிப் பேசுவதைப் போலத்தான் அதைப் பற்றிப் பேசினார்கள்: விதை நல்ல விதைதான், மண்ணுக்குத்தான் இத்தனை நாள் மனசு வரவில்லை, இந்த வருஷ மழை இறங்கின ஆழத்துக்குப் போன பத்து வருஷ மழை இறங்கவில்லை, அதுதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். சேவுகன் கொத்தனார் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய், முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்ட முன்சுவரின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு நூல் பிசகல. நாங்க கட்டுனாக்கூட இம்புட்டு மட்டமா வராது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நடுவுல காண்ட்ராக்டர் இல்லைல்ல, அதான்" என்றார்.

சுவர் ஒரு நாளைக்கு நான்கு விரல் உயர்ந்தது. பூச்சோடும் வண்ணத்தோடுமே வந்தது. அரசாங்கக் கட்டடங்களுக்கு உரிய அந்த வெளிர் மஞ்சளும் கீழே ஒரு முழத்துக்கு அரக்குப் பட்டையும். கதவு நிலைகள் முதலில் நாணல்போல மெல்லியதாக வந்து வாரத்துக்குள் தடித்தன, சன்னல்கள் கம்பியோடு திறந்தன, மின்விசிறிக்கான கொக்கிகள் கூரை வருவதற்கு முன்பே எங்கே தொங்குவது என்று தெரியாமல் சுவர் ஓரங்களில் காத்திருந்தன. ஒவ்வோர் அறைக்கும் பெயர்ப் பலகை முதலில் தரையோடு தரையாக முளைத்து, சுவரோடு சேர்ந்து மேலே ஏறியது. எனவே எந்த அறை எது என்பது குனிந்து படிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியதில் நான்காம் நாள் கிழக்குச் சுவரில் உப்புப் பூத்தது. அதற்குப் பிறகு ஊர், தான் குடிப்பதற்கு டேங்கர் லாரியில் வாங்குகிற நல்ல தண்ணீரில் வீட்டுக்கு ஒரு குடம் என்று முறை வைத்து ஊற்றியது. சுண்ணாம்பு வாசத்துக்கு வந்து சுவரை நக்கிய ஆடுகளை விரட்டுவதே வழிவிட்டானுக்குச் சரியாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு வேலை இருந்தது.

அதே மழைக்குப் பேருந்து நிறுத்தத்திலும் ஒன்று முளைத்தது. அது பயணியர் நிழற்குடைக்கு வைத்த கல். சின்னக் கல், ஆகவே வேகமாக வந்தது. எட்டாம் நாள் மூன்று தூணும் பாதிக் கூரையும் வந்ததும் வார்டு உறுப்பினருக்குப் பொறுக்கவில்லை, ரிப்பன் கட்டி, கத்திரிக்கோலால் வெட்டி, மிட்டாய் கொடுத்துத் திறந்துவைத்துவிட்டார். அந்த நிமிஷத்தோடு நிழற்குடை நின்றுபோயிற்று. நான்காவது தூண் அடி மண்ணைத் தாண்டவில்லை, கூரை பாதிக்கு மேல் நகரவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், எரு வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. திறப்பு விழா நடந்த கட்டடம் அதற்கு மேல் வளராது என்பதைக் கள்ளியேந்தல் அப்படித்தான் தெரிந்துகொண்டது. ஊருக்கு வெளியே கல்லூரிக்கு வைத்த கல் ஒன்றும் இருந்தது, அது முளைக்கவே இல்லை. மண்ணைத் துடைத்துப் படித்துப் பார்த்தபோது அதில் வேறு ஊரின் பெயர் வெட்டியிருந்தது.

தை பிறந்தபோது முன்கட்டும், புறநோயாளிகள் கூடமும், பிரசவ வார்டும் கூரை மூடி நின்றன. தை மூன்றாம் தேதி காலை, பின்கட்டின் தென்மேற்கு மூலையில் புதிதாக ஒரு பலகை மண்ணுக்கு மேல் வந்திருந்தது. வழிவிட்டான் குனிந்து, துண்டால் துடைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். ரத்தச் சுத்திகரிப்பு அறை. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய வரைபடத்தில் அப்படி ஓர் அறை கிடையாது, அது அவருக்கும் தெரியும். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் மேலே ஊருக்கு என்ன வந்தது என்பதைக் கட்டடமும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்று அவர் டீக்கடைக்குப் போகவில்லை. மூலையிலேயே உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பார்த்தார்.

மங்களேஸ்வரி வந்ததும் நேராக அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார். அவள் கணுக்கால் உயரச் சுவரைத் தாண்டி உள்ளே போய், நான்கு எட்டு இந்தப் பக்கமும் ஆறு எட்டு அந்தப் பக்கமும் நடந்து பார்த்தாள்.

"ரெண்டு கட்டில் போடலாம்" என்றாள். "மூணாவது போட்டா நர்ஸம்மா நடக்க எடமிருக்காது."

"ரெண்டு போதும்ல?"

"ஏழு பேருக்கு ரெண்டு போதும், முறை வச்சுக்கலாம்." பிறகு கேட்டாள், "இன்னைக்கு யார் வீட்டுத் தண்ணி?"

"நம்ம வீட்டு முறைதான்."

"குடத்தக் குடுங்க."

ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்கு வருஷமாக வாயை நனைத்து நனைத்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தவள், குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிச் சாய்த்து, சுவர் நெடுகத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். சுவர் உறிஞ்சியது. அது உறிஞ்சுகிற சத்தத்தை அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"நல்லா குடிக்குது" என்றாள்.

அந்த அறை மற்றவை போல வேகமாக வரவில்லை. வெயில் ஏற ஏற நாளைக்கு இரண்டு விரல்தான் வந்தது. வழிவிட்டான் ஒவ்வொரு காலையும் கரியால் கோடு போட்டு வைத்தார். இந்தக் கணக்கில் போனால் சித்திரை முதல் வாரம் கூரை மூடும். கூரை மூடினால் மிஷின் வரும், மிஷின் வந்தால் மங்களேஸ்வரி வீட்டுக்கு வருவாள். அவருக்கு வேண்டியது அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தாசில்தார் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை, அனுமதி இல்லாமல் எழும்பிய கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்ட வந்து, யார் பெயருக்கு ஒட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார். இரண்டாம் தடவை டேப்பும் ஆளுமாக வந்து எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு, தலைவர் பாக்கியத்தாயைத் தனியாகக் கூப்பிட்டார். பாக்கியத்தாய் அங்கன்வாடியில் பத்து வருஷம் சத்துணவு சமைத்தவள், ஊராட்சித் தலைவராகி மூன்று வருஷம். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே கிராம சபைக்குக் கொண்டுவந்துவிட்டாள். குடியரசு நாள் கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தாசில்தார் சொல்றத நீங்களே கேட்டுக்கங்க" என்றாள் பாக்கியத்தாய்.

தாசில்தார் எழுந்து நிதானமாகவே சொன்னார். மார்ச் முதல் வாரம் தேர்தல் தேதி அறிவிப்பார்கள். அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்துவிடும், எதையும் திறக்க முடியாது. அதற்கு முன் திறந்துவிட்டால் உடனே டாக்டரும் நர்ஸும் போடுவதற்குத் தன்னால் ஏற்பாடு செய்ய முடியும். இல்லையென்றால் தேர்தல் முடிந்து, புது அரசு வந்து, யார் வருவார், என்ன செய்வார் என்பது தனக்குத் தெரியாது. போன தேர்தலை இந்த ஊர் புறக்கணித்து மூன்றே மூன்று ஓட்டு விழுந்தது மேலே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

"தெறந்தா வளராதே சார்" என்றார் சேவுகன்.

"வளர்ந்தவரைக்கும் போதுமேய்யா. நூற்றைம்பது சதுர அடிதானே பாக்கி."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மூடிய கூரை இருக்கிறது, பிரசவ வார்டு இருக்கிறது, இருக்கிறதை வைத்துத் திறப்போம் என்றார்கள் ஒரு பாதி. எல்லாவற்றையும் அரைகுறையாக வாங்கிவாங்கித்தான் இந்தக் கதிக்கு வந்தோம் என்றார்கள் மறு பாதி. பின்னாலிருந்து ஒரு குரல், "ஒருத்தன் பொண்டாட்டிக்காக ஊரே காத்துக்கெடக்கணுமாக்கும்?" என்றது.

"ஏழு பேருடா" என்றார் சதக்கத்துல்லா. "எண்ணத் தெரியாட்டி எந்திரிச்சு முன்னாடி வா, நான் எண்ணிக் காட்டுறேன்."

எல்லாரும் வழிவிட்டானைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பேச வராது" என்றார். "அந்த ரூம்பு முளைச்சுக்கிட்டிருக்கு. நான் அதுக்குக் காவலு. முளைக்கிறத நிறுத்துனா நான் எதுக்குக் காவலு? இன்னும் ரெண்டரை மாசம். ஞாயித்துக்கெழம மட்டும் பொம்பள இருக்கிற வீடு எப்பிடி இருக்கும்னு நான் சொல்லணும்னு இல்ல. வந்து பாத்தாப் போதும்."

உட்கார்ந்துவிட்டார். பாக்கியத்தாய் மைக்கைக் கையில் எடுத்தாள். அவளுடைய மருமகளுக்கு நிறைமாதம் மாசிக் கடைசியில் என்பதும், முதல் பிள்ளை ஆம்புலன்ஸிலேயே போனது என்பதும் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"எம் மருமகளுக்கு வலி வந்தா வேன்ல ஏத்திக்கிட்டுப் போறேன், இத்தன நாளும் எல்லாரும் போன மாதிரி" என்றாள். "கடைசி ரூம்புக்குக் கூரை மூடுற வரைக்கும் தெறக்கிறதில்லைங்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் நாற்பது கை உயர்ந்தது. அவள் தன் கையைத் தூக்கியதும் மற்றவை உயர்ந்தன. தாசில்தார் கோப்பை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

தீர்மானத்தை எழுதியதோடு ஊர் நிற்கவில்லை. யாராவது திடீரென்று வந்து திறந்துவிட்டால் என்ன செய்வது? அடுத்த ஒரு மாதம் கள்ளியேந்தலில் கத்திரிக்கோல் வெளியே வரவில்லை. தையற்காரர் தன்னுடையதைப் பெட்டியில் பூட்டி, துணியைப் பிளேடால் கிழித்தார். சவரக் கடையில் முடி வெட்டுவதை நிறுத்தி முகச் சவரம் மட்டும் செய்தார்கள், ஊர் ஆண்கள் பிடரி வரை முடியோடு திரிந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பு இல்லை. மூன்று கடைகளிலிருந்தும் ரிப்பனை எடுத்துவிட்டார்கள். சடைக்கு வாழைநாரைக் கட்டிக்கொண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் இரண்டு பேர் எந்நேரமும் காவல் இருந்து, கொடி கட்டிய வண்டிகளை நிறுத்திச் சோதித்தார்கள். ஒருநாள் ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரின் காரில் புத்தம் புதிய கத்திரிக்கோல் ஒன்று தட்டோடு இருந்தது.

"மச்சினன் கல்யாணத்துக்குய்யா" என்றார் அவர்.

"கல்யாணத்துல எதண்ணே வெட்டப்போறீங்க?" என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, வந்த வழியே அனுப்பிவைத்தார்கள்.

சுவர் இரண்டு விரல் இரண்டு விரலாக வந்தது. முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது, சன்னலின் அடிக் கட்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மங்களேஸ்வரி சுவரை ஒட்டி நின்று தன் உடம்பால் அளந்தாள், போன வாரம் இங்கே, இந்த வாரம் இங்கே என்று. பேருந்து ஏறும்போது "வந்துருங்களேன்" என்று கேட்பதை அவள் அந்த நாலைந்து வாரம் விட்டுவிட்டாள். வழிவிட்டான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அடுப்படியில் உடைந்திருந்த ஓடுகளை மாற்றினார்.

பிப்ரவரி இருபத்தைந்து, புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு அவர் அந்த மூலையில்தான் இருந்தார். சுவர் அவருடைய மார்பளவு வந்திருந்தது. மேல் வரிசையில் ஒரு செங்கல் பாதி வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார், அடியிலிருந்து அது தள்ளுவது கையில் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு தெரியவில்லை. தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்திவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, அதுவரை ஓடியதே அப்போதுதான் காதுக்குத் தெரிந்ததுபோல. அவர் கையை எடுக்கவில்லை. களைத்திருக்கும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு மணி வரை அப்படியே நின்றார். தூக்குவாளியைத் திறக்கவில்லை.

ஒரு மணிக்குச் சதக்கத்துல்லா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். டீக்கடை டிவியில் அதைப் பார்த்த நாலைந்து பேரும் கூட வந்தார்கள். மாநிலத் தலைநகரில், ஓர் அரங்கத்தில், காணொலிக் காட்சி வழியாக, நூற்றுப் பதினேழு கட்டடங்களை ஒரே பட்டனில் திறந்துவைத்திருந்தார்கள். திரையின் அடியில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின, தொண்ணூற்று நான்காவதாகக் கள்ளியேந்தலும் ஓடியது. கைதட்டினார்கள், அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.

"கத்திரிக்கோலப் பாத்தோம், ரிப்பனப் பாத்தோம்" என்றார் சதக்கத்துல்லா. "பட்டன யாருய்யா பாத்தா?"

வழிவிட்டான் பாதி வந்த செங்கலிலிருந்து கையை எடுத்தார். அன்று சாயங்காலம் சவரக் கடையில் கூட்டம் நின்றது.

கள்ளியேந்தலில் கலவரம் நடக்கவில்லை, கல் எறியவில்லை, பேருந்தை மறிக்கவில்லை. சேவுகன் மட்டும் இரண்டு ஆளோடு வந்து, எங்கே நின்றதோ அங்கிருந்து கட்டிப் பார்த்தார். முளைத்த செங்கலோடு வைத்த செங்கல் ஒட்டவில்லை, காலையில் வைத்ததெல்லாம் மாலையில் கீழே கிடந்தது. தாசில்தார் மூன்றாம் தடவை வந்தபோது பாக்கியத்தாய் அவரை மூலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"இதுக்கு ஒரு தகரக் கூரையாவது போட்டுத் தாங்க சார்."

"ஆவணப்படி இது முடிந்த கட்டடம்மா. முடிந்த கட்டடத்துக்குக் கூரை போட நான் எப்படி நிதி கேட்பேன்?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். "கூரை இல்லாத அறைக்கு மிஷின் தரவும் மாட்டார்கள். சொன்னபடி டாக்டர் வருவார். செவ்வாயும் வெள்ளியும்."

டாக்டர் வந்தார், இளம் பெண். முதல் வெள்ளிக்கிழமையே பாக்கியத்தாயின் மருமகளுக்குப் பிரசவ வார்டில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் பாக்கியத்தாய் கையில் சர்க்கரையும் முகத்தில் சங்கடமுமாக வேலமரத்தடிக்கு வந்து நின்றாள்.

"வழிவிட்டாண்ணே..."

"புள்ள நல்லாருக்கா?"

"இருக்கு. ரெண்டே முக்கால் கிலோ."

"தாய்?"

"நல்லாருக்கா."

"பெறகென்னத்தா" என்று அவர் சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரமே அவருக்கு ஒரு தபால் வந்தது. அலுவலகத்தில் யாரோ கோப்பைத் திறந்திருந்தார்கள். கட்டடப் பணி முழுமையாக நிறைவுற்றதால் பிப்ரவரி இருபத்தாறாம் தேதி முற்பகல் முதல் அவர் காவல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று இருந்தது. வழிவிட்டான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வரை தினமும் போய் உட்கார்ந்தார். ஆடுகள் வந்தன. அவற்றை விரட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மங்களேஸ்வரி வந்து, கேட்காமலே பின்கட்டுக்குப் போய், கதவில்லாத வாசல் வழியாக உள்ளே நுழைந்து, சுவர் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவரும் போய் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் அங்கேயே சோறு தின்றார்கள். தலைக்கு மேலே வானம் இருந்தது.

"நான் மிஷின்ல படுத்துக்கிட்டே பாத்தேன்" என்றாள். "வார்டுல டிவி வச்சிருக்காங்கல்ல. பக்கத்துக் கட்டில்காரி, 'அக்கா ஒங்க ஊர்ப் பேரு வருது'ன்னா. நான் எந்திரிக்கவா முடியும், கையில ஊசி."

"ம்."

"நல்லா காத்து வருது இங்க."

"மேல தெறந்து கெடக்குல்ல."

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அவளுக்குப் படிக்க வராது. தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"என்ன போட்டிருக்கான்?"

"முடிஞ்சிருச்சாம்."

"எது, இதுவா?" அவள் சுற்றிலும் பார்த்தாள். மார்பளவுச் சுவரையும், பாதியில் நின்ற செங்கலையும், இரண்டு கட்டில் போடலாம் என்று தான் சொன்ன தரையையும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நான்கு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனிமே ஆர்டர் இல்ல" என்றாள்.

"இல்ல."

சாயங்காலம் ஐந்து நாற்பது பேருந்துக்கு அவர் தகரப் பெட்டியோடும் ஒரு சாக்கு மூட்டையோடும் பாதி நிழற்குடையில் நின்றார். புதுச் சுண்ணாம்பு அடித்த வீட்டின் சாவியைச் சதக்கத்துல்லா வாங்கிக்கொண்டார்.

"அங்க போயி என்ன செய்வீங்க மச்சான்?"

"பெரிய ஊரு. காவல் காக்க எதாச்சும் இருக்கும்" என்றார் வழிவிட்டான்.

எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டான். நான்கு வருஷமாக ஒரு டிக்கெட்டாக எடுத்துக் கொடுத்துப் பழகியிருந்த வழிவிட்டான், இரண்டு என்று சொன்னார்.

ஏப்ரலில் தேர்தல் நடந்தது. கள்ளியேந்தல் வாக்குச்சாவடியை அந்தக் கட்டடத்தின் புறநோயாளிகள் கூடத்தில் அமைத்தார்கள், இந்தத் தடவை நான்கு ஓட்டு விழுந்தது. மறு ஆண்டு ஜனவரி ஐந்தாம் தேதி இறுதி வாக்காளர் பட்டியல் வெளியானது. கள்ளியேந்தல் பாகத்தில், நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்கள் என்று முப்பத்தொரு பெயர்களை நீக்கியிருந்தார்கள். அதில் பதினெட்டாவது வழிவிட்டான், பத்தொன்பதாவது மங்களேஸ்வரி.